குடைத்துணிக் கொடி

ஆகஸ்ட் கடைசியில் சாந்தா ரோசா புயல் வந்து போன மறுநாள்
மான்டிவீடியோவின் குப்பைத்தொட்டிகளில் எல்லாம் குடைகள்,
கால் ஒடிந்த வௌவால்கள்போல.
இருட்டுவதற்குள் செலெஸ்தேயின் தோளில் பதினேழு.
கம்பியைப் பிரித்துத் துணியை உரித்து
குளியலறைக் கயிற்றில் காயப்போட்டோம்.
வீடெல்லாம் ஈர நைலான் வாசம்.

கொடிக்கு ஐந்து பட்டை என்று மட்டும் முடிவாகியிருந்தது.
மஞ்சளை ஏற்கெனவே எல்லாரும் எடுத்துவிட்டார்கள் என்றான் துலியோ.
எடுக்காத நிறம் எது, நீ காட்டு என்றாள் மிர்த்தா.
இளஞ்சிவப்பு கூடாது. நீலம் கூடாது.
இரண்டையும் கலந்த ஊதாவும் கூடாது,
கலவை என்றால் முதலில் இரண்டு இருந்ததாக ஆகிவிடும்.
வான்நீலம் வேண்டவே வேண்டாம் என்றது செலெஸ்தேயின் குரல்.
இந்த நாட்டில் அது கால்பந்துச் சட்டையின் நிறம்,
அந்தப் பெயருக்கே அதுதான் பொருள்.
"என் பெயரை நானே தைத்துக்கொள்ளவா,
சலவைக்குப் போட்ட துணி மாதிரி?"

கடைசியில் கிடைத்ததுதான் வாய்த்தது:
கடுகு மஞ்சள், கறுப்பு, சாம்பல் கட்டம்,
வங்கி ஒன்று இனாமாகக் கொடுத்த பச்சை
(வங்கியின் பெயரை மடித்துத் தைத்தேன்),
ஆரஞ்சில் தவளைகள் போட்ட குழந்தைக் குடை.
தவளைக்கு என்ன பொருள் என்று கேட்பார்களே என்றான் துலியோ.
கேட்கட்டும்.

சொல் அதைவிடப் பாடு.
செலெஸ்தேக்கு நேர்வது இப்படி:
பழகும்போது ஒன்றுமில்லை,
சேர்ந்து ஆடி வியர்த்தாலும் ஒன்றுமில்லை.
யாரோ ஒருவர் கிளம்பி, கதவருகே நின்று
கோட்டின் கைக்குள் கைவிடத் தடுமாறும்போது
பாதத்தின் அடியில் மணல் நழுவுவதுபோல் ஓர் இழுப்பு.
ஆணா பெண்ணா என்பது அதற்குத் தெரியாது.
போகிற முதுகு தெரியும்.

அலை திரும்பும்போது அடியில் இழுக்குமே, ரெஸாக்கா,
அதிலிருந்து ஒரு சொல் செய்யலாம் என்றேன்.
துலியோ விழுந்து விழுந்து சிரித்தான்.
குடித்த மறுநாள் தலைவலிக்கும் ஸ்பானிய மொழியில் அதே பெயர்தான்.
கிரேக்க வேர் ஒட்டிப் பார்த்தோம்,
மருந்துச்சீட்டுபோல் இருந்தது.
மாத்தே ஆறிப்போனது.
தாளில் பதினொரு சொற்கள், பதினொன்றின் மேலும் கோடு.

செலெஸ்தேயை இங்கே எஷே என்கிறார்கள்.
அவனுக்கு எல், அவளுக்கு எஷா,
அந்த அகரம் இருந்த இடத்தில் இப்போது ஓர் எகரம்.
நான் எழுதும் தமிழில்
நீ, நான் வரைக்கும் யாரும் எதுவும் விசாரிப்பதில்லை.
தைத்தேன், தைத்தாய். சுகம்.
எதிரே இருக்கும் ஆள் எழுந்து அறையைத் தாண்டியதும்தான்
வினைக்கு வால் முளைக்கிறது, ஆன் என்றும் ஆள் என்றும்.
ஆர் போடலாம். போட்டால் வயசு கூடிவிடுகிறது,
நாற்காலி இழுத்துப்போட வேண்டியிருக்கிறது.
அதனால் தோள், குரல் என்று
இத்தனை வரியும் தப்பித்து வந்திருக்கிறேன்.

செப்டம்பர் கடைசி வெள்ளி. ஜூலை பதினெட்டு வீதியில்
எள் போட இடமில்லை.
சர்க்கரைக் கடலை விற்பவள் வண்டியை நிறுத்திக் கேட்டாள்:
எந்த நாட்டுக் கொடி இது?
செலெஸ்தேயின் வாய் நிறையக் கடலை.
"இன்னும் பேர் வைக்கல" என்று பதில், மென்றபடி.
தவளை நாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
இன்னொரு பொட்டலம் காசு வாங்காமல் நீட்டினாள்.

சதுக்கம் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
மற்ற கொடிகள் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டன.
எங்களுடையது குடையாக இருந்ததை மறக்கவில்லை.
நாலு மூலையை நால்வர் பிடித்தோம்.
கடலைக்காரி வண்டியோடு உள்ளே வந்தாள்,
பின்னால் முகச்சாயம் கரைந்த யார் யாரோ.

பச்சைக்கு அடியில் சொட்டு இல்லை.
தவளைக்கு அடியிலும் இல்லை.
பட்டையும் பட்டையும் சேர்கிற இடத்தில்தான்,
என் ஊசி போன வழியெல்லாம், ஒழுகிக்கொண்டிருந்தது.
செலெஸ்தேயின் தலை சரியாக அதன் கீழே.
நகரச் சொன்னேன்.
நகரவில்லை.